வடக்குப் பாட்டில்

என் தங்கை ரெஜிஷாவின் நிச்சயதார்த்தத்துக்கு முந்தைய இருபத்தாறு மணி நேரத்தில் நான் ஏழு மணி நேரம் நன்றாகத் தூங்கினேன், இன்ஸ்பெக்டர் மேடம். பதற்றத்தில் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள்.

ரெஜிஷா அயர்லாந்தில் நர்ஸ். வரும்போது இரண்டு விஸ்கி வாங்கி வந்தாள். பச்சைப் பாட்டில் அந்த நாட்டின் தெற்கே காய்ச்சுவது, கத்தோலிக்கர்கள் குடிப்பதாம். மற்றது வடக்கே காய்ச்சுவது, புராட்டஸ்டன்ட்காரர்களுடையதாம். அங்கே அதெல்லாம் இப்போது வெறும் கேலிப் பேச்சு என்றாள். குளச்சலில், எங்கள் அப்பா அல்போன்ஸ், அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டையும் திறந்து முகர்ந்து பார்த்தார்.

"பச்சை நம்ம ஆர்.சி. சாம்பிராணி மணம் உண்டு. மற்றது சி.எஸ்.ஐ. சாதனம். எனக்க நாக்குல படாது, கேட்டியா."

"ரெண்டும் ஒரே பார்லிதாம்ப்பா."

"ஞானஸ்நானத்துக்கும் ஒரே தண்ணிதாம்ட்டி. அதுக்காவ அங்க போயி நிப்பியா?"

வடக்குப் பாட்டில் மாப்பிள்ளைக்கு என்று ஒதுக்கி வைத்தார். மாப்பிள்ளை அஜின், நெய்யூர், பிறப்பால் சி.எஸ்.ஐ. நான்கு வருடம் என்னோடு பழகியவன்.

நான் வேதியியல் படித்தவள். ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேலை. அதிகம் பேசமாட்டேன். அஜினைப் பற்றி அப்பாவிடம் ஒரே முறைதான் பேசினேன். "சி.எஸ்.ஐ.க்காரன் இந்தப் படி ஏறினா நான் இறங்கிருவேன் மக்கா" என்றார். நீ மாறிவிடு என்று அஜினிடம் கேட்டேன். "அம்மா செத்துருவா, ஜெஸ்பின்" என்றான். இருவரையும் நம்பினேன். மாற முடியாதவர்கள் என்றுதான் ஒதுங்கினேன்.

ரெஜிஷாவைக் கட்டினால் அயர்லாந்து விசா உண்டு என்று தெரிந்தபின், மூன்றே மாதத்தில் அஜின் ஆர்.சி. ஆனான். அவன் அம்மா நலமாக இருக்கிறார். நிச்சயதார்த்தத்துக்கு மஞ்சள் பட்டு உடுத்தி வந்திருந்தார்.

ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்ததை முந்தைய நாள் மதியம் இரண்டு மணிக்கே வடக்குப் பாட்டிலில் கலந்தேன். அதன் பெயர் உங்கள் அறிக்கையில் சரியாகவே இருக்கிறது. பச்சைப் பாட்டிலைத் தொடவில்லை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அஜின் மனதார மாறியிருந்தால் பச்சையைக் குடிப்பான், ஒன்றும் ஆகாது. மாறாதவன் என்றால் மற்றதை எடுப்பான். முடிவை அவனிடமே விட்டிருந்தேன். வேறு குடிப்பவர் அப்பா மட்டும். அவர் அதைத் தொடமாட்டார்.

மறுநாள், நிச்சயதார்த்தத்தில், சாயங்காலம் நாலு மணிக்கு அஜின் பச்சைப் பாட்டிலை எடுத்தான். "இனி எனக்கும் இதுதான் மாமா" என்றான். எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. மற்றதைக் கொட்டிவிடலாம் என்று எடுத்துக்கொண்டு போனேன். அப்பா அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"கொண்டா மக்கா. எனக்க மருமவன் எனக்காவ சபை மாறி நிக்கான். அவனுக்காவ நான் ஒரு கிளாஸ் மாறப்பிடாதா?"

எல்லோரும் கைதட்டினார்கள். மாறுவது அவருக்கு அவ்வளவு எளிதாக இருந்திருக்கிறது.

அப்பாவை அடக்கம் செய்த அன்று உங்களுக்கு ஒன்று எழுதிக் கொடுத்தேன். கூட்டத்தில் எனக்குக் குரல் எழும்பாது, அதனால் தடுக்க முடியவில்லை என்று. கூச்ச சுபாவம் என்று ரெஜிஷாவும் எனக்காகச் சாட்சி சொன்னாள். அது சரியல்ல. அப்பா கிளாஸை என் பக்கம் நீட்டி, "ஐஸ் உண்டா மக்கா?" என்று கேட்டார்.

உண்டு என்றேன். எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன். இரண்டு கட்டி போட்டுக் கொடுத்தேன்.