வாலு மாட்டிய பல்பு

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் கிட்டே. என் குரல் இப்போதெல்லாம் ரொம்ப தூரம் நடப்பதில்லை. ஒரு கதை சொல்கிறேன். சிரிக்க நிறைய இடம் இருக்கிறது. சிரிக்கக் கூடாத இடம் வந்தால் நான் நிறுத்திக்கொள்ள வேண்டும்; அதில் எனக்குப் பழக்கம் போதாது, நீங்கள்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு மற்றவர்களைச் சிரிக்க வைக்கப் பிடிக்கும். அவ்வளவுதான் என் குணம். பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒன்றும் ஏறவில்லை. பாட்டு வராது. முகத்தைப் பார்த்தாலே தெரியும், அழகுக்காக யாரும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததில்லை. ஆனால் டீ வேளையில் நான் இருக்கும் பெஞ்சில்தான் இடம் கிடைக்காது.

தையல் நூல் செய்யும் ஆலையில் எனக்கு வேலை. நூல்கண்டுகளின் தலையில் லேபிள் ஒட்ட வேண்டும். கைக்குத்தான் வேலை, மூளை நாள் முழுக்கச் சும்மா இருக்கும். சும்மா இருக்கும் மூளை என்ன செய்யும்? சூப்பர்வைசரின் குடையை மடக்கி, அதற்குள் லேபிள் வெட்டிய துண்டுகளைக் கொட்டி வைத்தேன். மழையில் வாசலில் நின்று விரித்தார். நனைந்த மனிதர் மேல் காகிதமெல்லாம் ஒட்டிக்கொண்டு பார்சல் மாதிரி நின்றார். "எந்த ஊருக்கு அனுப்பணும் சார்?" என்று கேட்டேன். அவரே சிரித்துவிட்டார். எலக்ட்ரீஷியன் கழற்றி மாட்டிய சட்டையில் எல்லாப் பைகளையும் தைத்து மூடினேன். பாவம், தன் உடம்பைத் தானே தடவிக்கொண்டு அரை நாள் திரிந்தார். எனக்கு 'வாலு' என்று பெயர் வைத்ததே அவர்தான். இன்றைக்கும் அந்தப் பெயர்தான். வால் மட்டும் நரைத்திருக்கிறது.

என் விளையாட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. மாலை மணி அடிப்பதற்குள் 'நான்தான்' என்று சொல்லிவிட வேண்டும். சொன்னால்தான் அது விளையாட்டு. சொல்லாமல் விட்டால் அதற்கு வேறு பெயர். இந்தச் சட்டத்தைப் போட்டவள் நான்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அந்த ஆலையில் என்னிடம் ஏமாறாதவர் ஒரே ஒருவர். நிறம் பார்க்கும் அக்கா. சாயப் பட்டறையிலிருந்து வரும் ஒவ்வொரு கண்டையும் பார்த்து, 'சரி' அல்லது 'திரும்பப் போகட்டும்' என்று சொல்வது அவர் வேலை. மற்ற ஆலைகளில் மாதிரி நூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்ப்பார்களாம். அக்காவுக்கு மாதிரி தேவையில்லை, நிறமெல்லாம் மனதிலேயே இருக்கும். அவரைக் கழுகுக்கண்ணு என்று கூப்பிடுவோம்.

அவருடைய கோட்டின் கையை ஒரு நாள் தைத்து வைத்தேன். எடுத்தார், கையை நுழைக்கவே இல்லை. "வாலு, இந்தத் தையல் என் கோட்டு நூல் இல்ல. கொஞ்சம் கருநீலம் தூக்கலா இருக்கு. போன வாரம் நான் திருப்பி அனுப்புன கண்டுல இருந்து எடுத்தியா?" என்று கேட்டார். அங்கிருந்துதான் எடுத்திருந்தேன். பெஞ்சே சிரித்தது. என்னைப் பார்த்துச் சிரித்தது. அது எனக்குப் புதிது.

அதனால்தான் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சிரிப்பு காதில் இருந்துகொண்டே இருந்தது.

அக்கா நிறம் பார்க்க ஒரு பெட்டி உண்டு. மேசை மேல் மரப்பெட்டி, உள்ளே சாம்பல் வண்ணம் பூசியது, உச்சியில் ஒரு பல்பு. பகல் வெளிச்சம் மாதிரி வெள்ளையாக எரியும் பல்பு. முன்பக்கம் கறுப்புத் துணி தொங்கும். அக்கா துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு பார்ப்பார். வேறு யாரும் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை, பார்த்தாலும் அவர்களுக்கு ஒன்றும் புரியாது. பஞ்சுத் தூசு படியாமல் அந்தப் பெட்டியைத் தினமும் துடைத்து வைப்பது மட்டும் என் வேலை.

ஒரு நாள் துடைக்கும்போது பல்பை மாற்றினேன். ஸ்டோரில் கிடந்த வேறு ஜாதிப் பல்பு. அணைந்திருக்கும்போது இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். எரிந்தால் இதில் கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம், மஞ்சள் கலந்திருக்கும்.

அன்று வெள்ளை நூல் வந்தது. அக்கா தலையை வெளியே எடுத்து, "மஞ்சள் அடிக்குது. திரும்பப் போகட்டும்" என்றார். சாயப் பட்டறைக்காரர் கண்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். ஜன்னலருகே நீட்டினார். பால் மாதிரி வெள்ளை. அக்காவும் பார்த்தார். மறுபடி கறுப்புத் துணியைப் பார்த்தார். "உள்ள மஞ்சளா இருந்துச்சே" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு குழப்பத்தை நான் பார்த்ததே இல்லை. எனக்கு வயிற்றுக்குள் சிரிப்பு உருண்டது. மாலை மணி அடிக்கட்டும், சொல்லிவிடலாம் என்று இருந்தேன்.

மணி அடித்தது. இவ்வளவு நல்ல வேடிக்கையை ஒரே நாளில் முடிக்க மனம் வரவில்லை.

அக்கா முட்டாள் இல்லை. மறுநாளே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பல்பைப் பார்க்கச் சொன்னார். அதற்குள் நான் பழைய பல்பை மாட்டிவிட்டிருந்தேன். அவர் எட்டிப் பார்த்து, "பல்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆளத்தான் மாத்தணும்" என்றார். அதற்கும் ஒரு சிரிப்பு. அதன்பிறகு மாற்றி மாற்றி மாட்டினேன். சில நாள் வெள்ளை, சில நாள் மஞ்சள். தினமும் மஞ்சள் போட்டால் பழகிவிடும். அந்த அளவுக்கு எனக்கு அறிவு இருந்தது. அந்த அறிவை லேபிள் ஒட்டுவதில் காட்டியிருந்தால் இன்னொரு மேசைக்கு உயர்ந்திருப்பேன்.

அக்கா கண் டாக்டரிடம் போனார். துணைக்கு என்னைத்தான் கூப்பிட்டார். டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, "உங்க கண்ணு அருமையான கண்ணும்மா" என்றார். வெளியே வந்ததும் அக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "கண்ணு நல்லா இருக்குன்னா, அப்ப தலைக்குள்ளதான் ஏதோ ஆயிடுச்சு வாலு" என்றார். அவர் முதுகைத் தடவிக் கொடுத்தேன். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஆனால் டாக்டர் வரைக்கும் போன பிறகு 'சும்மா விளையாடினேன்' என்றால் அது நன்றாக இருக்காது என்று பட்டது. நாளைக்குச் சொன்னால் கொஞ்சம் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். நாள் போகப் போக அது இன்னும் நன்றாக இல்லாமல் போயிற்று. கணக்கில் நான் எப்போதும் மட்டம்.

கழுகுக்கண்ணு மஞ்சக்கண்ணு ஆனார். அந்தப் பெயர் என் வாயிலிருந்து வந்ததுதான். நல்ல பெயர், சட்டென்று ஒட்டிக்கொண்டது. அக்கா எதைப் பார்த்தாலும் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்க ஆரம்பித்தார். "இது சிவப்புதான?" "சிக்னல் பச்சை விழுந்துடுச்சா?" கேட்கும்போது ஒரு சிரிப்புச் சிரிப்பார், மற்றவர்களை முந்திக்கொண்டு தன்னைத் தானே கேலி செய்துகொள்வது போல.

அந்தச் சமயத்தில்தான் அவர் தங்கைக்குக் குழந்தை பிறந்தது. அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா போனபின் தங்கையை வளர்த்தது அவர்தான், ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். பெண் குழந்தை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த புதிதில், டீ வேளையில் அக்கா என் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தார். குரலை இறக்கி, "வாலு, ஒண்ணு கேக்கட்டுமா? பாப்பா எனக்கு மஞ்சளா தெரியுது. கண்ணு வெள்ளைகூட. வீட்ல யாருக்கும் அப்படித் தெரியல. தங்கச்சி, 'நல்ல கலரா பொறந்திருக்கா, நீ வேற'ன்னு திட்டுறா" என்றார்.

எல்லோரும் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாலுவிடம் யாராவது பேசினால் ஏதாவது வேடிக்கை வரும் என்று பழகியவர்கள். மஞ்சள் பல்பு என் சாப்பாட்டுப் பையில், கைக்குட்டையில் சுற்றி, என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது.

"அக்கா, உங்க கண்ணுக்கு எதுதான் மஞ்சளா தெரியல? நேத்து என் பல்லப் பாத்தே மஞ்சள்னு சொன்னீங்க" என்றேன்.

"அது மஞ்சள்தான்டி" என்றாள் எதிரே இருந்த பேக்கிங்காரி.

பெஞ்சு குலுங்கியது. டீ சிந்தியது. என் வாழ்நாளில் நான் வாங்கிய பெரிய சிரிப்பு அதுதான், இன்னும் அதற்கு மேல் ஒன்று வாய்க்கவில்லை. அக்காவும் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரிதான், எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சு" என்றார். அதன்பிறகு வீட்டில் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

மற்றவர்கள் கண்ணுக்கும் மஞ்சள் தெரிந்தபோது குழந்தை பால் குடிப்பதை நிறுத்தியிருந்தது. தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைத்துவிட்டது. காமாலை ஏறி மூளை வரைக்கும் போய்விட்டது என்றும், கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் வெளிச்சத்துக்கு அடியில் படுக்க வைத்தே சரி செய்திருக்கலாம் என்றும் ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். உயிருக்கு ஒன்றும் இல்லை. காது மட்டும் போயிற்று. இரண்டு காதும்.

அந்த வாரமே வெள்ளைப் பல்பை மாட்டினேன், மாற்றவே இல்லை. ஆனால் அக்கா அதற்குமேல் அந்தப் பெட்டிக்குள் தலையை விடவில்லை. தானே கேட்டு வாங்கிக்கொண்டு லேபிள் மேசைக்கு வந்தார். எனக்குப் பக்கத்து நாற்காலி. எவ்வளவோ காலம் பக்கத்தில் உட்கார்ந்து ஒட்டினோம். "என் கண்ணு சரியாத்தான் பாத்துச்சு வாலு. நான்தான் நம்பல" என்று சில நாள் சொல்வார். நான் அவருக்கு டீ வாங்கி வருவேன். எனக்கு அவரைவிட நெருக்கமான சிநேகிதி யாரும் இல்லை, அவருக்கும் அப்படித்தான். டாக்டர் வீட்டுப் படியில் முதுகைத் தடவிய கையை மறக்க முடியாது என்று இப்போதும் எல்லோரிடமும் சொல்கிறார்.

குழந்தைக்கு என்னை ரொம்பப் பிடிக்கும். அவள் காதிலிருந்து நூல் இழுக்கும் வித்தை ஒன்று செய்வேன். சிவப்பு, பச்சை, நீலம் என்று முடிவில்லாமல் வரும். அவள் தன் காதைத் தொட்டுப் பார்த்துச் சத்தமே இல்லாமல் சிரிப்பாள். இப்போது வளர்ந்த பெண், வேலைக்குப் போகிறாள். என்னைக் கண்டால் இன்னும் காதைத் தொட்டுக் காட்டுவாள், இழு என்று. நான் இழுப்பேன்.

அந்தப் பல்பை வீணாக்கவில்லை. என் வீட்டுக் கூடத்தில் மாட்டினேன், நல்ல பல்பு, நெடுநாள் எரிந்தது. ஒரு சாயங்காலம் அக்கா அதன் அடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவர், சுவரைப் பார்த்து, "இங்க எல்லாமே லேசா மஞ்சளா இருக்குல்ல வாலு?" என்றார்.

"எனக்கு அப்படித் தெரியலியே அக்கா" என்றேன். பழக்க தோஷம்.

இத்தனை நேரம் பொறுமையாகக் கேட்டீர்கள். ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். டீ வேளையில் சிரித்தோம் இல்லையா, அன்று மாலை அக்கா என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். "உன் கண்ணு நல்ல கண்ணு. நீ ஒரு தரம் பாத்துச் சொல்லிடு, நான் நிம்மதியா இருப்பேன்" என்றார். அறை இருட்டாக இருந்தது, ஒன்றும் சரியாகத் தெரியவில்லை என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். அறை இருட்டாக இல்லை. அக்காவே திரையை விலக்கினார். வெயில் நேராகக் குழந்தை மேல் விழுந்தது. அது கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது.

மஞ்சளாகத்தான் இருந்தது.

ஆமாம் என்று சொன்னால், அக்கா கண் சரி என்று ஆகிவிடும். அக்கா கண் சரி என்றால் பெட்டியைப் பார்ப்பார்கள். பெட்டியைப் பார்த்தால் என்னைப் பார்ப்பார்கள். மறுநாள் டீ வேளையில் நான் எந்தப் பெஞ்சில் போய் உட்காருவது? அந்த நேரத்தில் எனக்கு அது ஒன்றுதான் தோன்றியது, கண்ணுகளா. "தங்கமாட்டம் இருக்கா அக்கா" என்றேன். தங்கத்தின் நிறம் என்ன என்று நீங்களே யோசித்துப் பாருங்கள், நான் முழுப் பொய் சொல்லவில்லை.

இதை அக்காவிடம் நீங்கள் யாரும் சொல்லிவிடாதீர்கள். நான்தான் சொல்ல வேண்டும், அதுதான் சட்டம். நல்ல சமயம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சரி, எழுந்திருங்கள், நேரமாகிறது. உங்கள் வீட்டில் பிறக்கும் பிள்ளைகள் கூப்பிட்ட குரலுக்குத் திரும்பிப் பார்க்கட்டும். உங்கள் கண் கண்டதை உங்கள் வாய் தயங்காமல் சொல்லட்டும். வீடு நிறையச் சிரிப்பு இருக்கட்டும். அது எப்போதாவது குறைந்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள், வந்துவிடுகிறேன்.