சுகிர்தா சேர்த்த வரி

மதியம் ஒரு டீ குடிக்காவிட்டால் எனக்குத் தலை வலிக்கும், சார். வாங்கிக் கொடுத்ததற்கு நன்றி. இனி நிதானமாகச் சொல்கிறேன்.

என் பெயர் மணிகண்டராஜ். அச்சங்குளம் பக்கம் ரத்தினசாமி அண்ணாச்சியின் பட்டாசுக் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை முழுக்க என் பொறுப்பு. மருந்து காயவைக்கும் அறையில் சூடு மீறினால் தானாகச் சங்கு ஊத வேண்டும் என்று அண்ணாச்சி கேட்டார். அதற்கான புரோகிராமை பெர்ல் மொழியில் எழுதினேன்.

பெர்ல் இப்போது அதிகம் பேர் சீந்தாத மொழி. ஆனால் அதில் ஒரு விளையாட்டு உண்டு. படிப்பவருக்குப் புரியக் கூடாது, ஓட்டினால் சரியாக ஓட வேண்டும். புள்ளியும் கமாவும் டாலரும் அடைப்புக்குறியுமாக நிரப்பி, மொத்தத்தையும் ஒரு படம்போல அடுக்கலாம். நான் எரிகிற பூச்சட்டிப் புஸ்வாணம் மாதிரி அடுக்கினேன். கீழே கூம்பு, மேலே சிதறும் பொறிகள். இணையத்தில் போட்டபோது முகம் தெரியாத ஒருவர் "அழகு" என்று எழுதினார். என் வேலையை அதற்குமுன் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

சுகிர்தா எனக்கு உதவியாக வந்த பெண். அவள் அம்மா பொன்னுத்தங்கம் அக்காவுக்கு மருந்து காயவைக்கும் அந்த அறையில்தான் வேலை. சித்திரையில் சுகிர்தா என் பூச்சட்டியைக் குறி குறியாகப் பிரித்துப் படித்துவிட்டு வந்து நின்றாள்.

"அண்ணே, சூடு பாக்குற கருவியோட வயரு அத்துப்போச்சுன்னா அளவே வராது. வெறுமையா வாரதை இது பூஜ்யம்னு எடுத்துக்கிடுது. அறை எம்புட்டுக் கொதிச்சாலும் சங்கு ஊதாதுண்ணே."

"வயரு ஏம்மா அத்துப்போகுது?"

"அங்கன எலி கெடக்கு. ஒரே ஒரு வரி சேத்தாப் போதும்ண்ணே."

அவள் சொன்னது சரி. எழுதும்போதே எனக்கு அது தெரியும். வெறுமை வந்தால் பெர்ல் தானே எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையை அணைத்து வைத்ததும் நான்தான். அவள் கேட்ட வரிக்குப் படத்தில் இடமில்லை. பார்க்கலாம் என்றேன்.

அவள் காத்திருக்கவில்லை. நான் ஒரு கல்யாணத்துக்குக் காரியாபட்டி போயிருந்தபோது அவளே சேர்த்துவிட்டாள். வந்து திறந்து பார்த்தேன். பொறிகளுக்கு நடுவே அந்த வரி துருத்திக்கொண்டு நின்றது. நான் கோபப்படவில்லை. அதை அழித்தேன். இனி யாரும் திறக்க முடியாதபடி பாஸ்வேர்டை மாற்றினேன். அவள் கேட்டால் சொல்லலாம் என்றிருந்தேன். கேட்கவில்லை. தன் வரி உள்ளே இருப்பதாகவே நம்பிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் பொன்னுத்தங்கம் அக்கா ஆபீஸ் வாசலில் நின்று என்னிடம் பேசினார்.

"பாப்பா என்னமோ சரி பண்ணிட்டாளாமே தம்பி. முன்னெல்லாம் வெக்கை கூடுனா வேலையப் போட்டுட்டு நாங்களே வெளிய வந்துருவோம். இப்பம் சங்கு ஊதட்டும்னு நிம்மதியா இருக்கோம்."

"ஆமாக்கா" என்றேன்.

வைகாசியில் வயர் அறுந்தது. சங்கு ஊதவில்லை. அதனால் அறையில் இருந்த யாரும் வெளியே வரவில்லை. வெடிச்சத்தம் கேட்டதும் சுகிர்தா செருப்பைக்கூடப் போடாமல் ஓடினாள். நான் நாற்காலியிலேயே இருந்து திரையைப் பார்த்தேன். பூஜ்யம் காட்டியது. புரோகிராம் நான் எழுதியபடியே பிழையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

எலி மேலும் வெயில் மேலும் பழிபோட நான் இங்கே வரவில்லை, சார். அந்த வரியை எடுத்தது நான். எடுத்தால் என்ன ஆகும் என்று தெரிந்தே எடுத்தேன். அக்காவிடம் ஆமாம் சொன்னபோதும் தெரியும். இப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். சுகிர்தா தன்னிடமிருந்த புரோகிராம் பிரதியை உங்களிடம் கொடுத்திருக்கிறாளாம். கோர்ட்டில் அதைக் காட்டிவிடாதீர்கள். அதில் அவள் வரி இருக்கிறது. என்னுடையதைக் காட்டுங்கள். அதில்தான் படம் கோணாமல் இருக்கும்.