ஏலக்காரி வூட்டுக் கிளி

— கத்தாத தெய்வநாயகி, கிளி நடுங்குது பாரு!

— நான் எங்கய்யா கத்துறேன்? பேசிக்கினுதான இருக்கேன்.

— மீன் ஏலம் கூவுற தொண்டை உன்னுது. நீ பேசினாலே பாதி மூர்த்திக்குப்பம் கூடையத் தூக்கிக்கினு வந்துடும். காத்து மட்டும் வரணும்.

— இப்புடியா?

— இன்னும் கம்மியா.

— இதுக்கு மேல கம்மி பண்ணா, செத்துட்டேன்னு மாலை வாங்கியாந்துடுவானுங்க. சரி, அந்த யூடியூப் பொண்ணு இன்னா செய்யச் சொல்லுது?

— இரு, இயர்போன்ல கேட்டுச் சொல்றேன். ம்... ம்... கூண்டுக் கதவத் தொறந்துட்டு, உள்ளங்கையில தினையப் போட்டு அப்புடியே நீட்டிக்கினு இருக்கணுமாம். கிளி மூஞ்சிய நேரா பாக்கக் கூடாதாம்.

— பாக்காமயா? வஞ்சிரத்தையே கண்ணப் பாத்துதான்யா வெல வைக்கிறேன்.

— இது வஞ்சிரம் இல்லடி. நீ முறைச்சா, புடிச்சித் துன்னப் போறேன்னு பயப்படுமாம்.

— அடப்பாவி டில்லி! உன்னை எவன்டா துன்னுவான்? ஒரு கொழம்புக்குக் காண மாட்ட!

— போச்சு, மூலைக்கு ஓடிடுச்சு!

— ஐயோ, வாய மூடிக்கிறேன். நேத்துலேருந்து ஒரு தினை மணி கூட துன்னலய்யா. செத்துகித்து வெச்சா இன்னா பண்றது?

— அது ரஞ்சனியத் தேடுது. நம்ம பொண்ணு கையில துன்னு வளந்தது.

— அந்தப் பேர எடுக்காத! கரியமாணிக்கம் ஊரு கரும்புக்காரன் வூட்டுப் பையனக் கட்டிக்கினு போனாளே, இந்த வாயில்லா ஜீவன நெனச்சாளா? இந்த வூட்ல எவனும் அவகிட்ட பேசக் கூடாதுன்னு சொன்னேன்ல?

— சொன்ன, சொன்ன. கடல்ல இருந்த போட்டுக்கே கேட்டுச்சு. இப்ப வளையலக் கழட்டு. கண்ணாடி வளையல் சத்தம் ஆவாதாம்.

— ஆமாய்யா, டில்லிக்கு அது ஆவவே ஆவாது! அந்தப் பொண்ணுக்கு எப்புடித் தெரிஞ்சுது?

— அது... எல்லாக் கிளிக்கும் அப்புடித்தானாம். கைய நீட்டு.

— மரத்துப் போச்சுய்யா.

— அசையாத. தாலாட்டுற மாதிரி பேரு சொல்லிக் கூப்புடணுமாம்.

— டில்லி... கண்ணு... என் ராசால்ல? வாடா. அவ போனதுலேருந்து எனக்கும்தான்டா சோறு எறங்கல. வூடே வெறிச்சுன்னு கெடக்குது. நீயும் போயிடாதடா. ஒரு வாய் துன்னுடா...

— வருது. மூச்சு வுடாத.

— யோவ்! ஏறிடுச்சுய்யா! தினையக் கொத்துது! ஒரே ஒரு தடவ கத்திக்கட்டுமா?

— கத்தின, கொன்னுடுவேன்!

— கத்தல, கத்தல. ஐய, நகம் கிச்சுகிச்சு மூட்டுது. கண்ணுல தண்ணி நிக்குது, தொடச்சி வுடு. ஆமா, நீ ஏன்யா அழுவுற?

— சும்மாதான்.

— அந்த யூடியூப் பொண்ணு நல்லா இருக்கணும்யா. யாரு பெத்த புள்ளையோ, இம்மாம் பொறுமையா சொல்லிக் குடுக்குது!

— நீ பெத்த புள்ளதான். லைன்ல இருக்கா. இந்தா, இதே கொரல்லயே பேசு.