சனிக்கிழமை வெந்நீர்

புதுச்சேரியில் ரயில் கிளம்பியதும், எதிர்ப் பலகையில் கூடையோடு உட்கார்ந்திருந்தவள் தன் பக்கத்து வீட்டுக்காரியான பெரியவளிடம் சொன்னாள்.

"ஆஸ்பத்திரில ரெண்டு டாக்டருங்க என் வூட்டுக்காரரு கட்டிலாண்ட நின்னு சண்ட போட்டுக்கினாங்கக்கா. பாக்கவே சந்தோசமா இருந்துச்சி."

நான் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதுபோல் இருந்துகொண்டேன்.

"சண்டையில இன்னாடி சந்தோசம்?"

"நரம்புல தழும்பு தழும்பா வுழுற நோவாம். எதனால வருதுன்றதுலதான் சண்ட. வெள்ளக்காரரு கிருமின்றாரு. நம்மூரு டாக்டரு ரத்தத்துல ஏதோ விஷம்ன்றாரு. கன்னியாஸ்திரி அம்மா எனக்குத் தமிழ்ல சொல்லிக்கினே வந்தாங்க. இவரு மாதிரி கரும்பு வெட்டுற ஆளு காலுக்காக அம்மாம் நேரம் பேசினாங்கக்கா!"

"நீ இன்னா சொன்ன?"

"சனிக்கெழம எண்ண தேச்சி வெந்நீரு ஊத்தினா கண்ணு மங்கி காலு தொவளுது, சாயங்காலம் தெளிஞ்சிடுதுன்னேன். ரெண்டு பேரும் சண்டய வுட்டுட்டாங்க. கிட்ட வந்து, இன்னொரு வாட்டி சொல்லும்மான்னு கேட்டு எழுதிக்கினாங்க."

"அப்ப வெந்நீராலதான் நோவு வந்துச்சா?"

"இல்லியாம். சூடு, இருக்கிற நோவக் கெளப்பிக் காட்டுதாம். இனிமே பச்சத் தண்ணி ஊத்துன்னாங்க."

"பின்ன எதனாலதான் வந்துச்சாம்?"

"வெள்ளக்காரரு கண்ணாடியக் கழட்டிட்டு, 'எங்களுக்கு இன்னும் தெரியலம்மா'ன்னாரு. எம்மாம் பெரிய மனுசன்! மூணு வருசமா நம்ம ஊரே காரணம் சொல்லிச்சி, என் ராசின்னு. நீயுந்தான்க்கா சொன்ன. தெரியலன்னு சொன்ன மொத ஆளு அவருதான்."

வில்லியனூர் வந்தது. பெரியவள் அவளுடைய கூடையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.