பூட்டாத கதவு

இல்லைங்க ஐயா, பூட்டல. தெறந்து போட்டுட்டுத்தான் நேத்து கொழுந்தெடுக்க மலைக்குப் போனேன். கதவு தெறந்து கெடந்ததாலதான் கெழவி வெளியில போயிருச்சுன்னு இந்த லயத்து வீடுகள்ல எல்லாரும் சொல்லியிருப்பாங்களே? சொல்லட்டும். வாயி அவங்களுது. அந்தச் சத்தமா? அது ஒன்னுமில்லைங்க, கூரைத் தகரம் காத்துக்கு அடிக்குது. நீங்க சாவு விசாரணைய எழுதுங்க.

நான் மருமக. பேரு ஷிராணி. எறந்தது எங்க மாமி, சுகிர்தம். வீட்டுக்காரருக்குக் கொழும்புல கடை வேலை, சேதி சொல்லி பஸ்ஸுல வந்துகிட்டு இருக்காரு. மாமிக்கு மூனு வருசமா நெனவு தடுமாற்றம். என்னையப் பாத்து நீ யாரு பெத்த புள்ளன்னு கேக்கும். சோறு தின்ன கை காயிறதுக்குள்ள சோறு எங்கன்னு கேக்கும். ஆனா ஃபெக்டரி சங்கு ஊதிட்டா போதும். வேலைய விட்டு எவ்வளவோ காலமாச்சு, எந்திரிச்சு, கொழுந்தெடுக்கக் கட்டுற படங்குச் சாக்கை இடுப்புல சுத்திகிட்டு, பேரு பதியிற பெரட்டுக்குக் கெளம்பிரும்.

அப்ப ஏன் பூட்டலையா? பூட்டிக்கிட்டுத்தாங்க இருந்தேன்! அடுப்புல தண்ணி ஊத்தி அணைச்சு, தீப்பெட்டி, கத்தி, புல்லுக்கு அடிக்கிற மருந்து எல்லாத்தையும் அப்புறப்படுத்திட்டு, பெருசுக ரெண்டையும் உள்ள வச்சுப் பூட்டி, சாவிய மடியில முடிஞ்சுகிட்டுத்தான் போவேன். அப்பறம்தான் மேல் லயத்து இராமையா தாத்தா செத்த கதை. ஒங்களுக்குத் தெரியாததா, நீங்கதானே வந்து எழுதினீங்க. அவரு மக பூரணியும் என்னைய மாதிரித்தான், பூட்டிட்டு வந்தா. ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து நெரையில கொழுந்தெடுத்துகிட்டு இருக்கோம், கீழ பொகை தெரியுது. யாரோ குப்பை கொளுத்துறாங்கன்னு பேசிக்கிட்டோம். அவ ஓடி எறங்கினப்ப சாவி மடியிலதான் இருந்துச்சு. கதவுதான் இல்ல.

அதுக்கப்பறம் ஆபீசுலருந்து ஒரு மிஸ் வந்துச்சு. எங்களையெல்லாம் புள்ளக்காம்பராவுல ஒக்கார வச்சு, வயசானவங்கள உள்ள வச்சுப் பூட்டக்கூடாது, அது குத்தம்னு சத்தம் போட்டுச்சு. சரிங்க மிஸ், கைப்புள்ளைகள விட்டுட்டுப் போக இந்தப் புள்ளக்காம்பரா இருக்கு, பெருசுகள எங்க விடுறதுன்னு கேட்டேன். நல்ல கேள்வின்னுச்சு. நல்ல கேள்வியாம்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு... விடுங்க.

பக்கத்து வீடா? கை காலு தெடமா இருக்குற ஆளு யாரு ஐயா பகல்ல லயத்துல இருக்கா?

அன்னையிலருந்து பூட்டல. நேத்து சங்கு ஊதியிருக்கு, மாமி போயிருச்சு. எங்க போச்சு தெரியுமா? பன்னெண்டாம் நம்பர் மலைக்கு. தோட்டம் கைவிட்ட மலை அது, தேயிலையெல்லாம் மரமா வளந்து காடாக் கெடக்கு. குளவிக்குப் பயந்து ஆடு மேய்க்கக்கூட ஒருத்தரும் போறதில்ல. ஆனா மாமி கொமரியா இருந்தப்பலருந்து அங்கதான் கொழுந்தெடுத்துச்சாம். நாங்க தேடிப் போறப்ப படங்கைத் தலையோட மூடிக் குப்புறப் படுத்துக் கெடந்துச்சு. குளவி கலைஞ்சா ஓடாத, அப்படிப் படுத்துக்கன்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே அதுதாங்க. எம் பேரு மறந்துபோச்சு, அது மறக்கல. படங்கைத் தூக்கினா ஒரு கையி நெறையக் கொழுந்து. மொகத்தைப் பாக்க முடியல ஐயா.

குளவின்னே எழுதுங்க. கதவுன்னு எழுத அதுல எடம் இருக்காதுல்ல.

கையெழுத்தா, எங்க போடணும்? இங்கயா... இருங்க. அந்தத் தட்டுற சத்தம் தகரம் இல்லைங்க. காத்தே அடிக்கல பாருங்க. அது எங்க மாமா, பத்திநாதன். அவருக்கும் நெனவு கம்மிதான், ஆனா மாமி பக்கத்துல இருந்த வரைக்கும் எங்கயும் நகர மாட்டாரு. இப்ப, சுகிர்தம் எங்க, சுகிர்தம் எங்கங்குறாரு. செத்துப்போச்சு மாமான்னு காலையிலருந்து எத்தன தடவ சொல்றது? ஒவ்வொரு தடவையும் புதுசாக் கேக்குற மாதிரி அழுவுறாரு. அப்பறம் மறந்துட்டு, பன்னெண்டாம் நம்பருக்குத் தேடிக் கெளம்புறாரு. ஒங்ககிட்டப் பேசிக்கிட்டே அவரையும் புடிச்சுக்கிட்டு நிக்க முடியாதுல்ல. அதான் பூட்டிட்டு வந்தேன்.

இந்தா இருக்கு சாவி. அடக்கம் முடிஞ்சா வீட்டுக்காரர் கொழும்புக்கு, நான் மலைக்கு. ரெண்டு வீட்டுச் சாவையும் நீங்கதான் எழுதியிருக்கீங்க. பூட்டவா, தெறந்து போடவா? ஒன்ன சொல்லுங்க ஐயா, அப்படியே செஞ்சிர்றேன்.