மணி வைக்க அனுமதி இல்லை

"படுங்கோ! எல்லாரும் படுங்கோ!"

படுக்கிறோம். மணல் வாய்க்குள் போகிறது. ஷெல் கூவிக்கொண்டு வருகிறது. கூவிக்கொண்டே போனால் தலைக்கு மேலால் போகிறது என்று அர்த்தம். கூவல் பாதியில் நின்றால் எங்களுக்கு. இது பாதியில் நிற்கிறது. நிலம் தூக்கிப் போடுகிறது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. காது அடைத்துவிட்டது. பக்கத்தில் யாரோ வாயைத் திறந்து கத்துவது தெரிகிறது. கேட்கவில்லை.

எழும்பிப் பார்க்கிறேன். ரூத் கிணற்றடியில் கிடக்கிறாள். தண்ணீர் அள்ளப் போனவள். நானும் என் கணவரும் அவளைத் தூக்கிக்கொண்டு கோயில் விறாந்தைக்கு வருகிறோம். வந்து கிடத்தும்போது உயிர் இல்லை.

அது 2009. மாசி மாதம். திகதி தெரியாது. குடிவரவு அலுவலகத்தில் திகதி கேட்டார்கள். சட்டத்தரணி கேட்டார். பத்திரிகைக்காரப் பிள்ளை ஒன்று கேட்டது. பங்கர்க் குழிக்குள் நாங்கள் கலண்டர் தொங்கவிட்டிருக்கவில்லை, ஐயா. ஞாயிற்றுக்கிழமை இல்லை. அது மட்டும் நிச்சயம். ஞாயிறென்றால் காலையில் ஆராதனை நடந்திருக்கும்.

என் கணவர் பெயர் ஜெபரத்தினம். வன்னிக் கரையில் ஒரு சின்னப் புரட்டஸ்தாந்துக் கோயிலுக்கு உபதேசியார். போதகர் மாதத்துக்கு ஒருமுறை வருவார். மற்ற நாளெல்லாம் செபம், பாட்டு, செத்தவீடு, மணி அடிப்பது, முற்றம் கூட்டுவது, எல்லாம் உபதேசியார் தலையில். அவரும் அன்றைக்குத்தான் செத்தார். அதைத்தான் சொல்ல வந்தேன். சொல்ல விடுகிறார்களா?

இப்போது டூட்டிங்கில் இருக்கிறேன். விம்பிள்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. ஞாயிறுகளில் வீட்டுக்குக் கிட்ட உள்ள இங்கிலீஷ் சேர்ச்சுக்குப் போகிறேன். அங்கே ஒரு கண்காட்சி வைத்தார்கள். ஐரோப்பாவில் புரட்டஸ்தாந்துக்காரருக்கு வழிபாட்டு உரிமை எப்படிக் கிடைத்தது, எப்படிப் பறிபோனது என்று பலகை பலகையாக நிறுத்தியிருந்தார்கள். போதகர் ஹெலன் நல்ல மனுஷி. நிறைவு நாளில் நானும் பத்து நிமிடம் பேச வேண்டும் என்று கேட்டார். இந்தக் காலத்துச் சாட்சியாம்.

சம்மதித்தேன். ஒரே காரணம்தான். என் கணவரின் பெயரை ஒரு சபை நடுவில் வாசிக்க வேண்டும். இத்தனை வருடங்களில் ஒருவரும் வாசிக்கவில்லை.

எங்கள் ஊர்ச் சனம் லண்டனில் வருடாவருடம் நினைவு ஆராதனை வைக்கிறது. வால்தம்ஸ்டோவில். மெழுகுதிரி கொளுத்தி ஏழு பெயர் வாசிப்பார்கள். அன்றைக்குச் செத்தது எட்டுப் பேர். எட்டாவது பெயரை வாசிக்க விடாதவன் மனோகரன். ரூத்தின் அக்கா பூரணத்தின் மகன். அந்த ஆராதனையை நடத்துகிறவனே அவன்தான். தாயையும் சித்தியையும் ஒரே நாளில் பறிகொடுத்தவன் என்பதால் யாரும் அவனை எதிர்த்துப் பேசுவதில்லை. நானும் பேசவில்லை. மூன்று வருடம் போய்க் குந்தியிருந்துவிட்டு, பிறகு போவதை விட்டுவிட்டேன். புருஷனின் பெயர் இல்லாத இடத்தில் மெழுகுதிரி பிடிக்க எனக்கென்ன விசரா?

ஹெலனோடு உட்கார்ந்து பேச்சைத் தயார் செய்தேன். முதல் கேள்வியே எனக்கு எரிச்சல். விசுவாசத்துக்காகத்தான் உங்களைத் துன்புறுத்தினார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். முகம் வாடிவிட்டது. ஷெல் எங்கள் வேதாகமத்தைப் பார்த்து விழவில்லை. செத்த எட்டுப் பேரில் யோகேஸ்வரி சைவம். பக்கத்துப் பங்கர்க்காரி. ரூத்துக்காக அழ வந்தவள். அவளை எந்தப் பலகையில் எழுதுவீர்கள்?

பலகைகளை நான் ஒவ்வொன்றாகப் படித்தேன். வேலை முடிந்து வந்து, காலுளைவோடு நின்று படித்தேன். பிரான்சில் ஒரு அரசன் 1598இல் கட்டளை எழுதிக் கொடுக்கிறான். இன்ன இன்ன ஊரில் நீங்கள் ஆராதனை நடத்தலாம். இன்ன கோட்டை நகரங்கள் உங்கள் பாதுகாப்புக்கு. சனம் நம்புகிறது. மகன் காலத்தில் கோட்டை நகரங்கள் போய்விட்டன. பேரன் 1685இல் கட்டளையையே ரத்துச் செய்துவிட்டான். ஓடினவர்களில் கொஞ்சப் பேர் இங்கே, லண்டனுக்கு வந்தார்கள். வான்ட்ஸ்வோர்த்தில் அவர்களுடைய மயானம் இன்னும் இருக்கிறது. நான் அந்தப் பக்கத்தால் எத்தனையோ தரம் பஸ்ஸில் போயிருக்கிறேன். எனக்கு ஒன்றும் தெரியாது.

கோட்டை நகரங்கள் உங்கள் பாதுகாப்புக்கு. அந்த வரியில் நான் நின்றுவிட்டேன்.

எங்களுக்கும் சொன்னார்கள். பாதுகாப்பு வலயம். அரசாங்க வானொலியில் சொன்னார்கள். இந்தக் கரைக்குள் வாருங்கள், இங்கே ஷெல் விழாது. சனம் மாட்டையும் கோழியையும் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தது. எங்கள் கோயில் அந்த எல்லைக்குள்தான் இருந்தது. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த ஆட்கள் நாங்கள். எழுதிச் சொன்னதை நம்புகிற ஆட்கள். என் கணவர் நீலத் தறப்பாளில் வெள்ளைப் பெயின்டால் பெரிய சிலுவை கீறிக் கூரைக்கு மேல் கட்டினார். வானத்திலிருந்து தெரியட்டும் என்று. நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "வடிவாத் தெரியுதோ?" என்று மேலே நின்று கேட்டார். "எனக்குத் தெரிஞ்சென்ன, அவங்களுக்கெல்லோ தெரியவேணும்" என்றேன். சிரித்தார்.

கண்காட்சியின் கடைசிப் பலகை ஒஸ்திரியாவைப் பற்றியது. 1781. அங்கே ஒரு பேரரசன் புரட்டஸ்தாந்துக்காரருக்கு செபவீடு கட்ட அனுமதி கொடுக்கிறான். நிபந்தனையோடு. கோபுரம் கூடாது. தெருப் பக்கம் வாசல் கூடாது. மணி வைக்க அனுமதி இல்லை. இரண்டு இங்கிலீஷ் கிழவிகள் அந்தப் பலகைக்கு முன்னால் நின்று உச்சுக்கொட்டினார்கள். பாவம், ஒரு மணிகூட இல்லாமல் என்று ஒருத்தி சொன்னாள். எனக்கு அந்த இடத்திலேயே கத்த வேண்டும் போல இருந்தது.

எங்கள் கோயிலில் மணி இருந்தது. முற்றத்தில் இரண்டு பனங்குற்றிக்கு நடுவில் தொங்கியது. ஆராதனைக்கு அடிப்பது ஒரு விதம், தொடர்ந்து அடிப்பது. மரண மணி வேறு. ஒரு அடி. நீண்ட இடைவெளி. பிறகு ஒரு அடி. அதைக் கேட்டால் எங்கள் சனம் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு கோயிலுக்கு வரும். உலையில் அரிசி கிடந்தாலும் வரும். பிணத்தைத் தனியாக விடுவதில்லை. நான் பிறந்த நாளிலிருந்து அப்படித்தான்.

ரூத் விறாந்தையில் கிடக்கிறாள். பூரணம் அக்கா தலையில் அடித்துக்கொண்டு ஓடி வருகிறார். தங்கச்சியை மடியில் போட்டுக்கொள்கிறார். என் கணவர் மண்வெட்டியைத் தேடுகிறார். சுருக்காகப் புதைத்துவிட்டு எல்லாரும் பங்கருக்குள் போய்விட வேண்டும் என்கிறார்.

"மணி அடியும், உபதேசியார்!"

"வேண்டாம் அக்கா. சனம் வந்து கூடிவிடும். இப்பத்தான் விழுந்தது."

"மணி அடிக்காமல் புதைக்க என்ர தங்கச்சி என்ன நாயோ? நீர் அடியும்! இல்லாட்டி நான் அடிக்கிறன்!"

அவர் என்னைப் பார்த்தார். ரூத்துக்குப் போர்த்த ஒரு வெள்ளைச் சேலை எடுத்து வருகிறேன் என்று எங்கள் பங்கருக்குப் போனேன். சேலை பெட்டிக்கு அடியில் கிடந்தது. அதை இழுக்கும்போது மணிச் சத்தம் கேட்கிறது. ஒரு அடி. இடைவெளி. இன்னொரு அடி. சனம் பங்கர்களை விட்டு வெளியே வரும் காலடிச் சத்தம். தேவசகாயம் மாஸ்டர் இருமிக்கொண்டு போவது கேட்கிறது. அவருக்கு ஆஸ்துமா. இன்னொரு அடி. கூவல். யாரோ "படுங்கோ!" என்று கத்துகிறார்கள். கூவல் பாதியில் நிற்கிறது.

அதற்குப் பிறகு மணிச் சத்தம் இல்லை.

இதுதான் நடந்தது. மனோகரன் சொல்வது வேறு. உபதேசியார் மணி அடித்ததால்தான் சனம் வெளியே வந்தது, சனத்தைக் கொன்றவன் பெயரை செத்தவர்களோடு சேர்த்து வாசிக்க ஏலாது என்கிறான். முதல் பாதி உண்மை. அதுதான் என் வயிற்றெரிச்சல். பொய் என்றால் பொய் என்று சொல்லிவிட்டுப் போகலாம். அடிக்கச் சொன்னது யார் என்பதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. தாயைப் பறிகொடுத்து நிற்கிற பிள்ளைக்கு அதையும் சொல்லி என்ன காண? வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

பேச்சுக்கு ஒரு கிழமைக்கு முன்பு, வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிறேன். போன் அடிக்கிறது. மனோகரன்.

"அக்கா, சேர்ச்சில கதைக்கப் போறீங்களாம். பேர் வாசிப்பீங்களோ?"

"ஓம். எட்டுப் பேர்."

"ஏழு."

"எட்டு, மனோ."

"நான் வருவன். என்ர அம்மாவோட சேர்த்து அந்தாளின்ர பேரை வாசிச்சீங்களெண்டால் எழும்பிப் போவன். வெள்ளைக்காரர் இருக்கினம் எண்டெல்லாம் பாக்கமாட்டன்."

அந்தாள். அந்த ஒரு சொல்லில் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. பஸ் வந்தது. ஏறவில்லை.

"உன்ர அம்மாதான்டா அடிக்கச் சொன்னவ! அவர் வேண்டாம் எண்டுதான் சொன்னவர். நான் பக்கத்தில நிண்டனான்!"

சொல்லிவிட்டேன். வைத்துவிடுவான் என்று நினைத்தேன்.

"தெரியும்," என்றான்.

"என்னடா தெரியும்?"

"கால் காயத்தோட கோயிலடிப் பங்கருக்குள்ள கிடந்தனான். எல்லாம் கேட்டது. அம்மாவின்ர குரல் எனக்குத் தெரியாதே? அம்மாவை ஏச எனக்கு ஏலாதக்கா. ஆரையாவது ஏசாமலும் இருக்க ஏலாது."

நான் போனைக் கட் பண்ணினேன். இரக்கம் வரவில்லை. பொய் சொல்லிப் பிரயோசனமில்லை, வரவில்லை. இத்தனை வருடமாகத் தெரிந்துகொண்டே என் புருஷனைக் கொலைகாரன் ஆக்கி வைத்திருந்தானே என்ற ஆத்திரம்தான் வந்தது. அடுத்த பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போய்ச் சமைக்காமல் படுத்தேன்.

நிறைவு நாள். பேச்சுக்குச் சற்று முன்பு ஹெலன் காதுக்குள் சொல்கிறார். பெயர்கள் இங்குள்ளவர்களுக்கு விளங்காது, எண்ணிக்கையை மட்டும் சொல்லிவிட்டு நம்பிக்கையான ஒரு வார்த்தையோடு முடிக்க முடியுமா என்று. முடியாது என்றேன். மனோகரன் வந்திருந்தான். கடைசி வரிசை. கதவுக்குப் பக்கத்துக் கதிரை. கறுத்தக் கோட்.

இங்கிலீஷில் பேசினேன். பாதுகாப்பு வலயத்தைச் சொன்னேன். சிலுவை கீறின தறப்பாளைச் சொன்னேன். மரண மணியைச் சொன்னேன். ரூத்தின் சொந்தம் ஒருவர் மணி அடிக்கச் சொன்னார், அவரும் செத்துவிட்டார் என்றேன். யார் என்று சொல்லவில்லை. அது பெருந்தன்மை இல்லை. பூரணம் அக்கா இன்றைக்கும் எனக்குப் பூரணம் அக்காதான்.

பெயர்களைத் தமிழில் வாசித்தேன். ஏழு வாசித்தேன். எட்டாவதை வாசித்தேன். உபதேசியார் ஜெபரத்தினம். என் கணவர்.

கதிரை இழுபடும் சத்தம். மனோகரன் எழும்பிவிட்டான். சொன்னபடியே செய்கிறான் என்று பல்லைக் கடித்தேன். அவனுக்குப் பக்கத்தில் இருந்த கிழவி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். எங்கள் வழக்கம் என்று நினைத்திருக்க வேண்டும். கைத்தடியை ஊன்றி அவளும் எழும்பினாள். அவளைப் பார்த்து அந்த வரிசை எழும்பியது. பிறகு முன் வரிசை. பிறகு ஹெலன். முழுச் சேர்ச்சும் எழும்பி நிற்கிறது. இருமல்கூட இல்லை. மனோகரன் சுற்றிப் பார்க்கிறான். கதவு அவனுக்குப் பின்னால்தான். திறந்துதான் கிடக்கிறது. அவன் போகவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றான். கடைசிவரை நின்றான்.

ஏன் நின்றாய் என்று நான் இன்னும் கேட்கவில்லை. கேட்கப் போவதுமில்லை.

இங்கேயும் எழுதி வைக்கிறேன். 2009, மாசி. ஒரு கோயில். ஒரு மணி. ஒரு நல்லதண்ணிக் கிணறு. ரூத். பூரணம் அக்கா. தேவசகாயம் மாஸ்டர். அவர் மனைவி எஸ்தர் ரீச்சர். அவர்களின் பேத்தி மெர்சி. மெர்சியின் தம்பி, ஞானஸ்நானம் கொடுக்க முதலே போன பிள்ளை, பெயர் இல்லை, மெர்சியின் தம்பி என்றே வாசிக்கிறது. யோகேஸ்வரி. ஜெபரத்தினம்.

எட்டுப் பேர்.