செத்த பல்லில் சாயம் பிடிக்காது

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. கணப்பை நடுவில் வைத்துக்கொள்ளலாம். ஒரு கதை சொல்கிறேன். என்னுடைய கதைதான், அதனால் பிசகாமல் வரும்.

தலை அலசுவதற்கு வெந்நீர் ஆகாது. அரிசி களைந்த தண்ணீரை வெதுவெதுப்பாக ஊற்ற வேண்டும். சிக்கு விடும், சேறும் ரத்தமும் தோலைக் கீறாமல் கழன்று வரும். ததேவாகி பிரபுவின் கோட்டையில் எனக்கு அதுதான் வேலை. சண்டை முடிந்ததும் நம் வீரர்கள் எதிரிகளின் தலைகளைக் கொண்டுவருவார்கள். பெண்கள் நாங்கள் கழுவி, சீவி, பொடி பூசி, பலகையில் வைப்போம். பிரபு வந்து பார்ப்பார்.

பல் கறுத்திருந்தால் பெரிய இடத்துத் தலை. உயர்குலத்தார்தான் பல்லுக்குக் கறுப்பேற்றுவார்கள். வெள்ளைப் பல் என்றால் வெறும் ஈட்டிக்காரன். பெரிய தலைக்குத்தான் பெரிய பரிசு. அதனால் வீரர்கள் எங்களிடம் வந்து குழைவார்கள்.

"அக்கா, நம்ம தலைக்கும் கொஞ்சம் கறுப்பு இழுத்து விடேன்."

"உன் தலைக்கா, நீ கொண்டாந்த தலைக்கா? தெளிவாச் சொல்லுடா."

சிரித்துக்கொண்டே இழுத்தும் விடுவோம். பிரபுவுக்கு விஷயம் எட்டியதும் ஈரத்துணியால் பல்லைத் தேய்த்துப் பார்க்க ஆரம்பித்தார். செத்த பல்லில் சாயம் பிடிக்காது. துணியோடு வந்துவிடும்.

என் மகன் கென்பாச்சி ஒவ்வொரு சண்டையிலிருந்தும் வெறுங்கையோடு திரும்பினான். பயந்தவன் இல்லை, மனசு இளகினவன். பிரபு சபையில் வைத்தே சொன்னார்: "அடுத்த தடவையும் கைய வீசிக்கிட்டு வந்தியானா, பலகையில உன் தலைதான் இருக்கும். உங்கம்மாவே கழுவட்டும்." எல்லோரும் சிரித்தார்கள். பிரபு சொன்ன சொல் தவறாதவர்.

அப்போது மொஹேய் என்ற மருந்து வியாபாரி மழைக்கு எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். களையான முகம். ஈறு வீங்கி, சோறு மெல்ல முடியாமல் தவித்தார். துருவேறிய இரும்புத் தண்ணீரும் மாசிக்காய்ப் பொடியும் சேர்ந்த கறுப்பு ஈறுக்கு நல்லது. அதில் பொய் இல்லை.

"ஊருக்கெல்லாம் நான் மருந்து குடுக்கறேன், எனக்கு நீங்க குடுக்கறீங்க அக்கா."

"பேசாதீங்க. நாக்கு கறுத்துப் போயிரும்."

"இனி நானும் பெரிய மனுஷன்தான். என் வீட்டுக்காரி பாத்தா விழுந்து விழுந்து சிரிப்பா."

காலைதோறும் பூசினேன். உயிருள்ள பல்லில் அது நன்றாக இறங்கும். வீக்கம் வடிந்தது. கென்பாச்சி தானாக ஒரு தலையைக் கொண்டுவந்திருந்தால் மொஹேய் கறுத்த பல்லோடு வீட்டுக்குப் போயிருப்பார். நான் நியாயமானவள்.

சண்டை முடிந்து கென்பாச்சி பின்வாசல் வழியாக வந்தான். கையில் ஒன்றும் இல்லை. மொஹேயின் கஞ்சியில் அவருடைய தூக்க மருந்தையே கலந்து கொடுத்தேன். பிறகு மகனிடம் வாளைக் கேட்டேன்.

"எதுக்கும்மா?"

"உனக்காகத்தான்."

எந்த எலும்புக்கு நடுவே வாள் தடையில்லாமல் போகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவருக்கு வலித்திருக்காது. உச்சியை மழித்து, வீரர்கள் மாதிரிக் கொண்டை போட்டேன். அவ்வளவு நன்றாக நான் யாருக்கும் போட்டதில்லை.

கென்பாச்சி கொண்டுபோய் வைத்த அந்தத் தலையின் பல்லைப் பிரபு அழுத்தித் தேய்த்தார். துணியில் கறை இல்லை.

"யாருடா இவன்?"

"பேர் சொல்லலை, பிரபு." மகன் தலை நிமிராமலே சொன்னான். அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். முன்வரிசையில் இடமும் ஒரு குதிரையும் கொடுத்தார் பிரபு.

அதற்குப் பிறகு கென்பாச்சி என் கையால் சாப்பிடவில்லை. அடுத்த சண்டைக்குப் புறப்பட்ட காலையில் அவன் பல்லுக்குப் பூசக் கறுப்புக் கிண்ணத்தோடு வாசலில் நின்றேன். பெரிய இடத்துத் தலை என்றால் எதிரி வீட்டுப் பெண்களும் பதமாகத்தானே கழுவுவார்கள். "தள்ளும்மா," என்று வாயை இறுக்கிக்கொண்டான். தலைக்கவசத்தைக் கழற்றி எறிந்துவிட்டு முதல் ஆளாகக் குதிரையை விட்டானாம். வெள்ளைப் பல்லைப் பார்த்து, அவன் தலையை அவர்கள் பள்ளத்தில் வீசிவிட்டார்களாம்.

மொஹேயைக் கொன்றது நான்தான். யார் கேட்டாலும் சொல்வேன். மகன் விஷயத்தில் என்மேல் குறை கிடையாது. அவன்தான் பேச்சைக் கேட்கவில்லை.

இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேருங்கள், கண்ணுகளா. உங்கள் வீடுகளில் அடுப்பு அணையாமல் இருக்கட்டும், குதிரில் நெல் குறையாமல் இருக்கட்டும். பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் என்னைப் போல் ஒரு தாய் வாய்க்கட்டும்.